வெயில், சாரல், மழை: வருஷம் பூரா வீட்டு ஆளுக மனச பாத்துக்கிடுறது எப்படி

இது யாருக்குன்னு மொதல்ல சொல்லிருதேன். புதுசா கல்யாணம் ஆகி ஒரு பெரிய குடும்பத்துக்குள்ள வந்தவங்க, அப்பா தவறினதுக்கு அப்புறம் திடீர்னு வீட்டுப் பொறுப்பு தலையில விழுந்தவங்க, வீட்டுக்காரர் சவுதி துபாய்னு போயிட்டதால பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் ஒத்தையா பாக்குறவங்க, இவங்க எல்லாருக்கும். சோறு பொங்க, ஃபீஸ் கட்ட, ரேஷன் வாங்கன்னு எல்லாத்துக்கும் யாராவது ஒருத்தர் வழி சொல்லிருவாங்க, ஆனா வீட்ல இருக்குறவங்க மனசு வாடினா என்ன செய்யணும்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்ல. எனக்கும் சொல்லித் தரல. திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கத்து ஊர்ல வாக்கப்பட்டு வந்து பதினாலு வருஷம் ஆகுது, அவர் சவுதியில இருக்காரு, வீட்ல அத்தை, மாமா, ரெண்டு பிள்ளைக. நான் டாக்டர் இல்ல. பட்டு பட்டு தெரிஞ்சுக்கிட்டதையும், டாக்டர்ட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டதையும் தான் எழுதுதேன்.

நான் கண்டுக்கிட்ட பெரிய விஷயம் ஒண்ணே ஒண்ணு தான். நம்ம வீடுகள்ல மனசு கெடுறது திடீர்னு வர்றது மாதிரி தெரியும், ஆனா முக்காவாசி காலம் பாத்து தான் வருது, சித்திரை வெயில் வருதுன்னு தெரிஞ்சு மண்பானை வாங்கி வைக்கோம்ல, அது மாதிரி இதுக்கும் முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கிடலாம்.

மொதல்ல ஒரு தினசரி காலண்டர்

கடையில சும்மா குடுப்பாங்கள்ல, மாசக் காலண்டரோ தினசரி காலண்டரோ, அதுல ஒண்ணு எடுத்துக்கோங்க. உக்காந்து போன வருஷத்த யோசிச்சுப் பாருங்க. வீட்ல பெரிய சண்டை எந்த மாசம் வந்துச்சு, யாரு எப்ப சாப்பிடாம படுத்தாங்க, பிள்ளை எப்ப ஸ்கூலுக்கு போமாட்டேன்னு அழுதுச்சு, பணம் எப்ப இழுத்துச்சு. ஞாபகம் வர்றத பென்சில்ல அந்தந்த மாசத்துல ஒரு வார்த்தை எழுதுங்க போதும். "ஜூன் ஃபீஸ்", "ஆடி, நாத்தனார் வந்தது", "கார்த்திகை, அம்மா தூங்கல", இப்படி.

நான் செஞ்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. எங்க வீட்ல சண்டை எல்லாம் மூணு இடத்துல குவிஞ்சு கிடந்துச்சு, மே மாசம் கடைசி, ஆடி மாசம், அப்புறம் அவர் லீவு முடிஞ்சு பிளேன் ஏறின அடுத்த வாரம். அதுவரைக்கும் அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போகலன்னு தான் நெனச்சுட்டு இருந்தேன். மே கடைசியில ரெண்டு பிள்ளைக்கும் ஃபீஸ், மாமாவுக்கு நடவுக்கு பணம், ராத்திரி கரண்டு போயி யாருக்கும் தூக்கம் இல்ல, இதுல யாரு கூட தான் ஒத்துப்போகும்?

விவசாய வீடா இருந்தா கார், பிசானம்னு ரெண்டு நெல் போகத்தையும் கண்டிப்பா குறிங்க. நாத்து விடுறப்பவும் உரம் வாங்குறப்பவும் கையில காசு இருக்காது, நகை பேங்க்குக்கு போகும், அந்த ஒரு மாசம் ஆம்பளைங்க பேச்சு எல்லாம் எரிஞ்சு விழுற மாதிரி தான் இருக்கும். அது தெரிஞ்சா அந்த மாசத்துல சொந்தக்காரங்க வீட்டு விசேஷ மொய் பேச்சையும், புது செலவு பேச்சையும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடலாம்.

பேச்சை எங்க வச்சுப் பேசுறது

நேருக்கு நேர் உக்கார வச்சு "உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு"ன்னு கேட்டா நம்ம ஊர்ல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. "ஒண்ணும் இல்ல"ன்னு தான் வரும். கையில வேலை இருக்கும்போது தான் நம்ம ஆளுக பேசுவாங்க, வெங்காயம் உரிக்கும்போது, பீடி சுத்தும்போது, ஆத்துல துணி துவைக்கும்போது, பைக்ல பின்னாடி உக்காந்து போகும்போது. முகத்தை பாக்காம பக்கத்துல இருந்தாலே போதும், தானா வரும்.

அதனால தினமும் ஒரே நேரத்துல ஒரு அரை மணி நேரம் பிடிச்சு வைங்க. எங்க வீட்ல சாயங்காலம் விளக்கு வச்சதுக்கு அப்புறம் வீட்டு முன்பக்கம் தார்சால கருப்பட்டி காப்பி. அந்த நேரம் டிவி போடக்கூடாது, ஃபோன் அடுக்களைல இருக்கும். ஆரம்பத்துல ரெண்டு வாரம் யாரும் எதுவும் பேசல, மாமா காப்பிய குடிச்சிட்டு எந்திரிச்சு போயிருவாரு. மூணாவது வாரம் என் பையன் ஸ்கூல் வேன்ல ஒரு பெரிய பையன் தினமும் தலையில தட்டுறத சொன்னான். ஒரு மாசமா நடந்திருக்கு. கேக்குறதுக்கு ஒரு இடம் இல்லாததால சொல்லல, அவ்வளவு தான்.

கேக்குற விதமும் இருக்கு. "எப்படி இருந்துச்சு ஸ்கூலு" ன்னா "நல்லா இருந்துச்சு" தான் பதில். "இன்னைக்கு மத்தியானம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட"ன்னு கேளுங்க. பெரியவங்கட்ட "உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேக்குறத விட "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீய"ன்னு கேளுங்க. அவங்க சொன்னதும் உடனே புத்தி சொல்லாதீங்க, இது தான் ரொம்ப கஷ்டம், எனக்கு இன்னமும் வாயில வந்துரும். "அப்படியா, பொறவு?" ன்னு மட்டும் கேட்டு நிறுத்திப் பாருங்க.

வார்த்தை வராது, கணக்குல தெரியும்

நம்ம ஆச்சிமார் யாரும் "எனக்கு மனசு சரியில்ல"ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நெஞ்சு அடைக்குங்கும், வயித்தப் பெரட்டுதுங்கும், மேலு எல்லாம் உளையுதுங்கும், சோறு எறங்கலங்கும். ஆம்பளைங்கன்னா கோவமா வரும், இல்ல வீட்டுக்கு லேட்டா வர்றதா வரும். சின்னப் பிள்ளைகன்னா படுக்கையில ஒண்ணுக்கு போறதும் திங்கக்கிழமை காலையில மட்டும் வயித்து வலியும். அதனால பேச்சை மட்டும் நம்பாம ஒவ்வொருத்தர்ட்டயும் தினசரி பழக்கம் ஒண்ணு எதுன்னு கண்டு வச்சுக்கோங்க, அது மாறினா ஏதோ இருக்கு.

எங்க அத்தை கதைய சொல்லுதேன். அவங்க நாப்பது வருஷமா பீடி சுத்துறவங்க, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி கணக்கா நிக்கும், பேசிக்கிட்டே சுத்துவாங்க, கை தானா இலைய உருட்டி தூளை வச்சு நூலை கட்டி தட்டுல போட்டுக்கிட்டே இருக்கும். அவங்க தங்கச்சி தவறி மூணு மாசம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் பாக்கேன், தட்டு மடியில அப்படியே இருக்கு, வெட்டி வச்ச இலை காஞ்சு சுருண்டு போச்சு, விரல்ல நூலு தொங்குது, வாசலையே பாத்துட்டு இருக்காங்க. "என்ன அத்த, சுத்தலையா" ன்னேன். "கண்ணு தெரியல தாயி" ன்னாங்க. சரி கண்ணாடி மாத்தணும் போலன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் கடையில கணக்கு போடுற நோட்டை எடுத்துப் பாத்தா, ஆயிரம் எழுநூறாகி, ஐநூறாகி, அந்த வாரம் முன்னூறு தான். ரெண்டு மாசமா இறங்கிக்கிட்டே வந்திருக்கு. வெறும் கண்ணு மட்டும் இல்லன்னு அப்ப தான் தோணுச்சு. விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சு உக்காந்திருக்காங்க, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்னா உசுர விடுறவங்க அதையும் ஒதுக்கி வச்சிருக்காங்க, எல்லாம் என் கண்ணு முன்னாடி தான் நடந்திருக்கு.

டாக்டர்ட்ட கூட்டிட்டு போனோம். ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, ஏன்னா தைராய்டு குறைஞ்சாலும், ரத்த சோகை இருந்தாலும், பி12 குறைஞ்சாலும் இதே மாதிரி சோர்வு வரும், அதை மொதல்ல பாத்துக்கிடணும். அப்புறம் மாத்திரை குடுத்தாங்க. பத்து நாள்ல "இது ஒண்ணும் கேக்கல, நிறுத்திருதேன்"ன்னு அத்தை சொன்னாங்க. இந்த மாத்திரை எல்லாம் வேலை செய்ய ரெண்டு வாரத்துல இருந்து நாலு, ஆறு வாரம் கூட ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்ததால நாங்க விடல. ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் தானா தட்ட எடுத்து மடியில வச்சாங்க. சரியான பிறகும் மாத்திரைய நம்மளா நிறுத்தக்கூடாது, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, பாதியில நிறுத்தி திரும்ப வந்தவங்க நெறைய பேரு.

பங்குனில இருந்து வைகாசி வரை

வெயில் காலத்துல மனசு கெடுறதுக்கு பாதி காரணம் தூக்கம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வரைக்கும், அந்த நாள்ல மச்சு வீட்ல ராத்திரி படுக்க முடியாது. தூங்காத ஆளுக்கு சின்னது எல்லாம் பெருசா தெரியும். அதனால அந்த மாசம் முடிவு எடுக்குற பேச்செல்லாம் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வச்சுக்கோங்க, ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம். வளவுக்குள்ள காத்து வர்ற இடம் எதுன்னு பாத்து பெரியவங்களுக்கும் கைப்பிள்ளைக்காரிக்கும் அந்த இடத்த மொதல்ல குடுங்க. பதநீ, நுங்கு, மோரு, பானைத் தண்ணி, இதெல்லாம் பிள்ளைகளுக்கு சொல்லவே வேண்டாம், பெரியவங்க தான் தாகம் தெரியாம இருப்பாங்க.

இதுல ஒரு எச்சரிக்கை. வயசானவங்க ஒருத்தர் ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள திடீர்னு ஆள் அடையாளம் தெரியாம பேசுறது, ராத்திரியில எந்திரிச்சு "வீட்டுக்கு போணும்"ங்கறது, பகல்ல தூங்கி வழியுறதுன்னு மாறினா "வயசாயிட்டு, மூளை கொழம்பிட்டு"ன்னு விட்டுராதீங்க. சோடியம் குறைஞ்சிருக்கலாம், யூரின்ல இன்ஃபெக்சன் இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும், வைத்தியம் பாத்தா பெரும்பாலும் தெளிஞ்சிரும். மறதி நோய் மாசக்கணக்கா வருஷக்கணக்கா மெதுவா வர்றது, அது வேற.

மே மாசம்னா ரிசல்ட். பிளஸ் டூ, பத்தாவது ரெண்டும் அந்த மாசத்துலயே அடுத்தடுத்து வந்து நிக்கும், நீட்டு ரிசல்ட் பெரும்பாலும் அதுக்கு அடுத்த மாசம். ரிசல்ட் நாளுக்கு என்ன செய்யணும்னு படிப்படியா சொல்லுதேன், இது விளையாட்டு இல்ல.

முந்தின நாள் ராத்திரியே பிள்ளைட்ட சொல்லிருங்க, "மார்க்கு என்ன வந்தாலும் மொதல்ல நம்ம வீட்ல உக்காந்து பாப்போம், எதுவா இருந்தாலும் மத்தியானம் ஒண்ணா சாப்பிடுவோம்" ன்னு. சொன்னா பத்தாது, பிள்ளைக்கு பிடிச்சத அன்னைக்கு சமைக்கவும் செய்யணும், மார்க்கு தெரியுறதுக்கு முன்னாடியே அடுப்புல ஏத்திருங்க. அன்னைக்கு பிள்ளைய தனியா விடாதீங்க, வீட்ல ஒருத்தர் லீவு போட்டு இருங்க, அடுத்த ரெண்டு மூணு நாளும் ஒரு கண்ணு இருக்கட்டும். சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கான்னு ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும், அதை நீங்க எடுங்க, பிள்ளைட்ட குடுக்காதீங்க. மத்த வீட்டுப் பிள்ளை மார்க்கு அன்னைக்கு நம்ம வீட்ல யாரு வாயிலயும் வரக்கூடாது, இதை ஆச்சி தாத்தாட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஃபெயிலானா துணைத் தேர்வு அந்த வருஷமே ஜூன் ஜூலைல வந்துரும், வருஷம் போகாது, மறுகூட்டலுக்கும் போடலாம், இதையும் பிள்ளைக்கு ரிசல்ட்டுக்கு முன்னாடியே தெரிய வச்சிரணும். 104க்கு போன் பண்ணினா அந்த நேரம் பிள்ளைகள்ட்ட பேசுறதுக்குன்னே ஆளு இருக்காங்க.

சாரலும் ஆடிக் காத்தும்

ஜூன்ல குத்தாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சா வெளியூருக்காரங்களுக்கு கொண்டாட்டம். நம்ம பக்கத்து பொம்பளைங்களுக்கு விருந்தாளி. ஞாயித்துக்கிழமையானா மெட்ராஸ்ல இருந்து, மதுரைல இருந்து சொந்தக்காரங்க, "அருவிக்கு போற வழியில வந்தோம்"னு பத்து பேரு. வர்றவங்கள வேண்டாம்னு சொல்ல நமக்கு மனசு வராது, சொல்லவும் வேண்டாம். ஆனா சமைக்கிறவ ஒருத்தி, இலை எடுக்குறவ ஒருத்தி, அவ மூணு வாரமா அருவிய கண்ணால கூட பாக்கல, அது தான் ஆடியில சண்டையா வருது. ஒரு வாரம் கூட்டாஞ்சோறுன்னு ஒரே பானைல முடிச்சிட்டு சமைக்கிறவளையும் வேன்ல ஏத்திட்டு போங்க. வர்றவங்கட்ட "வரும்போது இட்லி வாங்கிட்டு வந்துருங்க மைனி"ன்னு உரிமையா சொல்லுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

கோயில் கொடைத் திருவிழாவும் இந்த வாக்குல தான், சித்திரை வைகாசில கொஞ்சம், ஆடி ஆவணியில கொஞ்சம். கொடைக்கு வரி, வர்ற சொந்தத்துக்கு துணிமணி, பழைய பங்காளிப் பகை எல்லாம் அந்த மூணு நாள்ல மேல வரும். வீட்ல பிணங்கி இருக்குற ரெண்டு பேர கொடைக்கு முன்னாடியே ஒரு நாள் தனியா சந்திக்க வச்சிருங்க, கூட்டத்துல மொத தடவையா பாத்துக்கிட்டா பேச்சு தடிச்சிரும்.

புரட்டாசில குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கும், கார்த்திகைல ஐயப்பனுக்கும் மாலை போடுறது நம்ம பக்கம் ரொம்ப. தினமும் குடிக்கிற ஆளு மாலை போட்டதும் ஒரே நாள்ல நிறுத்துவாரு. வீட்ல எல்லாரும் சந்தோசப்படுவோம். ஆனா வருஷக்கணக்கா தினமும் நெறைய குடிச்சவங்க சடார்னு நிறுத்தினா ஒரு நாள், ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, அதுக்கு மேல வலிப்பு, இல்லாதது கண்ணுல தெரியுறது வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. சாமி கோவம்னு நெனச்சு விளக்கு வச்சுட்டு இருக்கக்கூடாது. மாலை போடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி டாக்டர்ட்ட போயி "நிறுத்தப் போறாரு, மாத்திரை குடுங்க"ன்னு கேளுங்க. மாலை கழட்டுற நாள் அடுத்த கஷ்டம், அன்னைக்கு சாயங்காலம் எங்க இருக்கணும், யாரு கூட இருக்கணும்னு முன்னாடியே அவர்ட்டயே கேட்டு முடிவு பண்ணிருங்க. நாப்பது நாள் குடிக்காம இருந்தவருக்கு அதுக்கு மேலயும் இருக்க முடியும், மருந்தும் ஆளும் துணை இருந்தா.

ஐப்பசி, கார்த்திகை, மழை

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை. எங்க அம்மா வீடு அதே தூத்துக்குடி ஜில்லால ஏரல் பக்கம். நாலு நாள் கரண்டு இல்ல, டவர் இல்ல, அம்மா உசுரோட இருக்காங்களான்னு எனக்கு தெரியாது. அஞ்சாவது நாள் தான் குரல் கேட்டேன்.

அந்த மழை வடிஞ்சுட்டு, வீட்டுச் சுவத்துல கறை மட்டும் இருக்குன்னு தான் நெனச்சேன். அடுத்த வருஷம் ஐப்பசியில அம்மா வீட்டுக்கு போயிருந்தப்ப சாதாரண தூறல். அம்மா அடுக்களைல இருந்து எந்திரிச்சு வந்து, ஒண்ணும் சொல்லாம அரிசி டிரம்ம இழுத்து கட்டில் மேல ஏத்த பாத்தாங்க. அறுபத்தி ரெண்டு வயசு, முட்டி வலி. நான் "எதுக்கும்மா, சும்மா தூறல் தான"ன்னேன். அவங்க என்னைய பாக்கவே இல்ல. கை நடுங்குது. நான் அப்ப ஒண்ணும் பேசாம இன்னொரு பக்கம் பிடிச்சேன், ரெண்டு பேருமா தூக்கி வச்சோம். வச்சதுக்கு அப்புறம் தான் அம்மா பெருமூச்சு விட்டு, அந்த ராத்திரி தண்ணி கட்டில் காலத் தொட்ட நேரத்துல இருந்து எல்லாத்தையும் சொன்னாங்க, மொத தடவையா.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது. மழைப் பயத்த "ஒண்ணும் ஆகாது"ன்னு அடக்காதீங்க, அவங்களுக்கு ஆயிருக்கு. பயத்துக்கு ஒரு வேலை குடுங்க. புரட்டாசி முடியுறதுக்குள்ள வீட்டோட சேந்து உக்காந்து இதெல்லாம் செஞ்சிருங்க: ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைக சர்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல ஒரே பையில, ஒரு மாசத்துக்கு பெரியவங்க மாத்திரை, டார்ச், பவர் பேங்க், தண்ணி ஏறினா எந்த வீட்டு மாடிக்கு போறது, யாரு ஆச்சிய கூட்டிட்டு போறது, யாரு ஆடு மாட்ட அவுத்து விடுறது, வெளியூர்ல இருக்குற எந்த சொந்தக்காரர் நம்பருக்கு எல்லாரும் தகவல் சொல்லணும். பிள்ளைகளுக்கும் ஒரு வேலை குடுங்க, டார்ச்சுக்கு பேட்டரி பாக்குறது என் பொண்ணு பொறுப்பு. அந்த வேலை கையில வந்ததுக்கு அப்புறம் அவ இடி இடிச்சா காத மூடுறத விட்டுட்டா.

வாட்ஸ்அப்ல வர்ற மழை ஃபார்வேர்டு எல்லாம் வீட்டுக்குள்ள சத்தமா வாசிக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வானிலை மையம், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு மட்டும் ஒருத்தர் பாத்து சொன்னா போதும். மழை வந்தாலே நெஞ்சு படபடப்பு, பழசு கண்ணு முன்னாடி ஓடுறது, கனவுல தண்ணி வர்றது, இதெல்லாம் ஒரு மாசத்துக்கு மேல விடாம இருந்தா அதுக்கு வைத்தியம் இருக்கு, டாக்டர்ட்ட சொல்லலாம்.

மார்கழி, தை, அப்புறம் ஆள் இல்லாத மொத வருஷம்

மார்கழி வந்தா வாசல்ல பூசணிப்பூ, தையில பொட்டப் பிள்ளைகளுக்கு சிறுவீட்டுப் பொங்கல், வெளிநாட்டுல இருந்து ஆளுக வருவாவ, நல்ல காலம் தான். ஆனா அந்த வருஷம் சாவு விழுந்த வீடு இருக்கும்ல, அங்க பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது, ஊரே வெடி போடும், அந்த வீட்ல லைட்டு மட்டும் எரியும். துக்க வீடுன்னு நாம அந்தப் பக்கம் போறதே இல்ல. போங்க. பலகாரம் கொண்டு போயி குடுத்துட்டு திண்ணையில அரை மணி நேரம் உக்காருங்க. இறந்தவங்க பேர சொல்லி பேசுங்க, "மாமா இருந்தா இந்நேரம் கரும்பு வெட்டிட்டு இருப்பாவ"ன்னு. அழுதா அழட்டும். பேரையே எடுக்காம இருந்தா தான் அவங்களுக்கு ஆள் ரெண்டாந்தடவை போன மாதிரி இருக்கும், எங்க அத்தை தான் இதை எங்கிட்ட சொன்னாங்க.

பேறு பாத்த வீடும் இப்படித்தான். பிள்ளை பெத்த நாலஞ்சு நாள்ல காரணம் இல்லாம அழுகை வர்றது நெறைய பேருக்கு உண்டு, தானா போயிரும். ரெண்டு வாரம் தாண்டியும் இருந்தா, பிள்ளைய பாத்தாலே ஒரு ஒட்டுதல் இல்லைன்னா, பிள்ளை தூங்கும்போது கூட தாய்க்கு தூக்கம் வரலைன்னா அது வைத்தியம் பாக்க வேண்டியது. "நாங்கல்லாம் பெக்கலையா"ன்னு யாராவது ஆரம்பிச்சா அன்பா நிறுத்துங்க.

ஃபோன்ல இருக்குற குடும்பம்

சவுதி நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, துபாய் ஒண்ணரை மணி நேரம். அவர் வேலை முடிச்சு ரூமுக்கு வந்து கூப்புடுற நேரம் நமக்கு பத்து, பதினொண்ணு, பிள்ளைக தூங்கிரும், நம்ம களைச்சு கிடப்போம், அந்த நேரத்துல தான் லோன், ஃபீஸ், அத்தை சொன்னது, நாத்தனார் சொன்னது எல்லாம் பேசுதோம். பணப் பேச்சுக்கு வாரத்துல ஒரு நாள் வைங்க, எங்களுக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. மத்த நாள்ல பணம் கிடையாது. பிள்ளைகட்ட பேச வச்சா "அப்பாட்ட மார்க்கு சொல்லு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஃபோன அடுக்களை மேடைல சாச்சு வச்சுட்டு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதட்டும், அவரு அந்தப் பக்கம் சோறு பொங்கட்டும், பேசலைனாலும் பரவால்ல. அங்க ஒத்தையா இருக்குற ஆம்பளைக்கு வீட்டுச் சத்தமே போதும்.

லீவு முடிஞ்சு போற வாரம் காலண்டர்ல சிவப்புல குறிங்க. ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்த ராத்திரி பிள்ளைகள உங்க பக்கத்துல போட்டுக்கோங்க. அந்த வாரம் பெரிய வேலை எதுவும் வச்சுக்காதீங்க.

எப்ப டாக்டர்ட்ட போகணும்

ரெண்டு வாரம். இதான் கணக்கு. பெரும்பாலான நாள் சோகமாவோ, எதுலயும் பிடிப்பு இல்லாமலோ, தூக்கம் சாப்பாடு மாறியோ, வேலை ஓடாமலோ ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா போகணும். "செத்துப் போலாம் போல இருக்கு", "நான் இல்லைனா உங்களுக்கு நிம்மதி" இப்படி ஒரு வார்த்தை வந்தா ரெண்டு வாரம் எல்லாம் பாக்கக்கூடாது, அன்னைக்கே.

அப்படி வார்த்தை வந்தா நேரா கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு. கேட்டா நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிருமோன்னு எல்லாரும் பயப்படுவோம், அப்படி ஆகாது, கேட்டா அவங்களுக்கு பாரம் தான் இறங்கும். ஆள தனியா விடாதீங்க. வீட்ல வயலுக்கு வாங்கின பூச்சி மருந்து இருந்தா உடனே வெளிய கொண்டு போயிருங்க, எப்பவுமே அது வீட்டுக்குள்ள இருக்கவே கூடாது, பூட்டின இடத்துல சாவி ஒருத்தர்ட்ட மட்டும் இருக்கணும். மாத்திரைகளையும் ஒருத்தர் எண்ணி எடுத்துக் குடுங்க. போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு போகாம இருக்காதீங்க, 2017 மனநலச் சட்டப்படி, ஒருத்தர் அந்த நிலைக்கு போனா கடும் மன அழுத்தத்துல இருந்திருக்காருன்னு தான் எடுத்துக்கிடணும், தண்டிக்கக் கூடாது. அவசரம்னா 108.

நம்பர் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க: 14416 டெலி மானஸ், மனசு கஷ்டத்துக்கு அரசாங்கம் வச்ச நம்பர், இருபத்தி நாலு மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. 104 சுகாதார உதவி. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பெரியவங்களுக்கு 14567.

நேர்ல போகணும்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, காலையிலயே போயி ஓபி சீட்டு போட்டுருங்க. பழைய சீட்டு, சாப்பிடுற மாத்திரை அட்டை, எப்ப இருந்து என்ன மாறுச்சுன்னு ஒரு தாள்ல தேதியோட எழுதி எடுத்துட்டு போங்க, காலண்டர்ல குறிச்சது இங்க தான் உதவும். வரமாட்டேன்னு அடம் பிடிக்கிற பெரியவங்கட்ட பைத்தியம் அது இதுன்னு எந்தப் பேச்சும் வேண்டாம், "தூக்கம் வரலல்ல, அதுக்கு காட்டிட்டு வருவோம்"னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல. அங்க போயி டாக்டர்ட்ட முழுசா சொல்லுங்க.

வீட்ல யாராவது "இது செய்வினை, கோயில்ல போயி கேப்போம்"னு சொன்னா அவங்களோட சண்டைக்கு நிக்காதீங்க. கோயிலுக்கு போங்க, திருநீறு பூசுங்க, பூஜை போடுங்க, மாத்திரையும் குடுங்க. ரெண்டையும் சேத்து செய்யுறதுல ஒரு தப்பும் இல்ல. ஆள கட்டி வைக்கிறது, அடிக்கிறது, சாப்பாடு குடுக்காம போடுறதுன்னு யாராவது சொன்னா மட்டும் அந்த இடத்த விட்டு ஆள கூட்டிட்டு வந்துருங்க.

இதெல்லாம் பாக்குறவங்களுக்கு

எல்லாரையும் பாத்துக்கிடுற ஆள யாரு பாப்பா? நான் ரெண்டு வருஷம் யாருமில்லன்னு தான் ஓடினேன், அப்புறம் ஒரு நாள் பால் பொங்கினதுக்கு பையன அடிச்சுட்டேன், அவன் செஞ்ச தப்பு ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு தான் காலண்டர்ல எனக்கும் ஒரு கட்டம் போட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரைல இருந்து ஆறு மணி வரை ஆத்துக்கு போயிருவேன், பக்கத்து வீட்டு எக்காவும் வருவாங்க, துணி மூட்டை எடுத்துட்டு போறதில்ல, படித்துறையில காலை தண்ணில போட்டு உக்காந்திருப்போம், சில நாள் பேச்சே இருக்காது. மொத நாலஞ்சு வாரம் "எங்க போறா இவ"ன்னு கேட்டாங்க. இப்ப நாலு மணி ஆனா அத்தையே பீடித் தட்ட தள்ளி வச்சுட்டு "ஏட்டி, ஆத்துக்கு நேரமாச்சுல்லா, காப்பிய நான் போட்டுக்கிடுதேன், கெளம்பு"ங்காங்க.